சல்லடை ‘சரி’ சொன்ன நாள்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் சல்லடை. வைத்தது யாரென்று அவளுக்குத் தெரியும். கண்டுபிடிக்காமல் விடுவாளா என்ன. ஆனால் அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டதால் போனால் போகிறதென்று விட்டுவிட்டாள். நாற்பதைத் தாண்டிய வயது, கழுத்தோடு வெட்டிய முடி, மூக்கு நுனியில் சதா நழுவிக்கொண்டிருக்கும் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு மேலாக அவள் உங்களை ஒரு பார்வை பார்த்தால், எந்தத் தப்புத்தண்டாவுக்கும் போகாத ஆளாக இருந்தாலும் நீங்கள் சட்டைப் பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வீர்கள்.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் விளங்காது. கம்ப்யூட்டர் கம்பெனி, ஏதோ பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விஷயம் இதுதான். அந்தக் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து தருகிறது. எந்தப் படுக்கையில் யார், அவருக்கு எந்த மாத்திரை எப்போது என்று நர்சுகளின் கைக்கருவியில் காட்டுகிற மென்பொருள். அத்தனையையும் இவர்களே உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று நினைத்தால் நீங்கள் வெள்ளந்தி. தேதியை மாற்றிக் காட்ட ஒரு துண்டு, படத்தைச் சுருக்க ஒரு துண்டு என்று உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்தும் பார்த்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருப்பதை எடுத்தெடுத்துக் கோர்க்கிறார்கள். ஊர் உலகத்தில் எல்லாக் கம்பெனியும் செய்வதுதான். இந்தத் துண்டுகளை மற்றவர்கள் பேக்கேஜ் என்பார்கள். சல்லடை மட்டும் பொட்டலம் என்பாள். முகம் தெரியாத ஆள் நீட்டுகிற பொட்டலத்தை வாங்கி அப்படியே வாயில் போட்டுக்கொள்ள நாம் என்ன பச்சைக் குழந்தையா என்று கேட்பாள்.

வெளியிலிருந்து வரும் எந்தப் பொட்டலமும் அவள் மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். எழுதினது யார், இன்னும் கவனித்துக்கொள்கிறாரா, கைகழுவிவிட்டாரா, ஓட்டை இருக்கிறதென்று யாராவது சொன்னால் அடைக்கிறாரா அல்லது சண்டைக்கு வருகிறாரா, தன்னோடு இன்னும் எத்தனை பொட்டலங்களைச் சொந்தபந்தம் என்று இழுத்துக்கொண்டு வருகிறது, வந்து உட்கார்ந்ததும் கேட்காமலே ஏதாவது வேலை செய்கிறதா என்று அக்குவேறு ஆணிவேராகப் பிரிப்பாள். கடைசியில், வெளியுலகத் தொடர்பை அறுத்துவிட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரில் போட்டு ஓடவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். அந்தக் கம்ப்யூட்டருக்கு அவள் வைத்த பெயர் மாமியார் வீடு. பெயரைக் காகிதத்தில் எழுதி அதன் நெற்றியில் ஒட்டியும் வைத்திருந்தாள்.

இந்தப் புத்தி அலுவலகத்தோடு நின்றால் பரவாயில்லை. அவளுடைய கணவர் பல் செட் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் அவர் பட்டறை. ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவர் கைவேலை. கல்யாணம் நிச்சயமாவதற்கு முன்னால், ஒரு அம்மாள் தன் சித்தப்பாவின் உடைந்த பல் செட்டை எடுத்துக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்து அவர் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். முகத்தில் துணி கட்டியிருந்த அந்த அம்மாள் யாரென்று அவருக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அவரோ எதிர்ப்பதம். முன்பின் தெரியாதவன் வந்து வீட்டுச் சாவியைக் கேட்டால், “மேல் பூட்டு கொஞ்சம் இறுக்கம், பார்த்துத் திறங்க” என்று சொல்லி எடுத்துக் கொடுக்கிற ரகம்.

அவர்கள் வீட்டு மாடி வெகுநாளாகக் காலி. வாடகைக்கு வருகிறவர்களை சல்லடை கேட்கிற கேள்வியில், வந்த வேகத்தில் படியிறங்கிப் போய்விடுகிறார்கள். ஒருவர் பாதிக் கேள்வியில் அழுதேவிட்டார். கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏம்மா, வீடு கேட்டு வந்தவரை இப்படிப் போட்டுக் குடையறியே. அவரு என்ன வங்கியில கொள்ளையா அடிச்சாரு?”

“அதத்தாங்க கேட்டேன். இல்லைன்னு சொல்ல எதுக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கறாரு?”

இனிமேல் பூனை விவகாரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டு வருஷம் முன்னால், படம் சுருக்கும் பொட்டலம் ஒன்றைச் சலித்தபோது உள்ளே ஒரு கட்டி தட்டுப்பட்டது. பெரிய கோப்பு, பெயருமில்லை, விளக்கமுமில்லை, திறந்தால் வாயில் நுழையாத எழுத்துகளாகக் கொட்டியது. சல்லடைக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து நின்று எல்லாரும் பிளக்கைப் பிடுங்குங்கள் என்றாள். அலுவலகத்தின் அந்தத் தளம் முழுக்கத் திரைகள் இருண்டன. மேலாளர் முடிவெட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து பாதித் தலையோடு ஓடிவந்தார். மறுநாள் அந்தக் கட்டியை ஒருவழியாக உடைத்துப் பார்த்தால், துணிக்கூடையில் படுத்துத் தூங்குகிற ஒரு பூனை. பொட்டலம் எழுதினவர் சோதனைக்காகத் தன் வீட்டுப் பூனையைப் படமெடுத்து உள்ளேயே வைத்திருக்கிறார். அன்றிலிருந்து சல்லடை காபி எடுக்கப் போனால் எங்கிருந்தாவது மெல்லிசாக ஒரு ‘மியாவ்’ கேட்கும்.

சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை. உள்ளுக்குள் வெந்துபோனாள். நானும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறவள்தான் என்று காட்டுவதற்காக, அடுத்த கூட்டத்தில் அவளே எழுந்து ஒரு சலுகை அறிவித்தாள். “ஒரு தடவை என்கிட்ட தேறினது தேறினதுதான். அதோட புதுப் பதிப்பு வந்தா மறுபடி என் மேஜைக்கு வர வேண்டாம், தானா உள்ள எடுத்துக்கலாம்.” எல்லாரும் கைதட்டினார்கள். அவளுக்கும் மனசு லேசானது. இந்தச் சலுகையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் சுத்தமாக மறந்துவிட்டாள்.

நம் கதை நடந்த வாரம், ‘அவசரம்’ ஒரு புதுப் பொட்டலத்தோடு வந்து நின்றான். அவசரம் என்று அலுவலகத்தில் எல்லாரும் கூப்பிடுவது நர்சுகளின் கைக்கருவி வேலையைப் பார்க்கும் குழுவின் தலைவனை. கெட்டவனில்லை, ஆனால் லிஃப்ட் கதவு மூடுவதற்குள் மூன்று தடவை பொத்தானை அமுக்குவான்.

“அக்கா, நோயாளி கையில ஒரு பட்டை கட்டுவாங்கல்ல, கோடு கோடா அச்சடிச்சது. நனைஞ்சு கசங்கினா நம்ம கருவி அதைப் படிக்க மாட்டேங்குது. நர்சுங்க நம்பரைக் கையால தட்டறாங்க. ஒரு நம்பர் மாறினா பக்கத்து படுக்கை மாத்திரை இவருக்குப் போயிடும். இந்த பேக்கேஜ் இருக்கு பாருங்க, கசக்கிப் பிழிஞ்சு கொடுத்தாலும் படிக்குது.”

“எழுதினது யாரு?”

“யாரோ ஒருத்தர்.”

“யாரோ ஒருத்தருக்கு ஊரு பேரு கிடையாதா?”

“அக்கா, திங்கட்கிழமை சாயங்காலம் புது வெளியீடு. அதுல இது இருந்தே ஆகணும்.”

அவன் போனதும் மேலாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே நல்ல செய்தி இல்லை.

“மேடம், நேராவே சொல்லிடறேன். மேல இருக்கறவங்க பூனையை இன்னும் மறக்கல. இந்தத் தடவை வேண்டாம்னு சொல்றதா இருந்தா கையில ஆதாரத்தோட சொல்லுங்க. வெறும் சந்தேகத்தை வச்சு சொன்னீங்கன்னா இந்த மேஜையையே எடுத்துடுவாங்க. அந்தந்த டீம் தானே பார்த்து எடுத்துக்கும். உங்களுக்கு பயனர் கையேடு எழுதற வேலை.”

‘பச்சைப் பொத்தானை அழுத்தவும்’ என்று ஆயுசு முழுக்க எழுதிக்கொண்டிருப்பதை நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் வேறு. லிஃப்ட் பொத்தானையே பொறுமையாக அமுக்கத் தெரியாதவன், தான் எடுக்கிற பொட்டலத்தைத் தானே சலிப்பதா? அந்த மேஜை போய்விட்டால் ஆஸ்பத்திரிப் படுக்கைவரை எது வேண்டுமானாலும் போய்விடும். அவள் பயந்துதான் போனாள்.

பயந்தவள் சும்மா இருப்பாளா. பொட்டலத்தைத் தலைகீழாகக் கொட்டினாள். உள்ளே எழுதியிருந்த நிரல் சுத்தமாகத்தான் இருந்தது. சொந்தபந்தம் என்று ஒரே ஒரு பொட்டலத்தைக்கூட இழுத்து வரவில்லை. மாமியார் வீட்டில் போட்டுப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் தன் வேலையைச் செய்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டது. ஆனால் எழுதின ஆள்தான் சரியில்லை. ஒரே ஆள். பொட்டலத்தின் இணையப் பக்கத்தில் பொதுவில் நடந்த பேச்சுவார்த்தைகளைப் படித்தால் அவளுக்கே சுருக்கென்றது. இந்த வசதி சேர்க்க முடியுமா என்று ஒருவர் பணிவாகக் கேட்டிருந்தார், பதில், ‘முடியாது.’ ஏன் என்று கேட்டிருந்தார், பதில், ‘பிடிக்கவில்லை.’ சல்லடை அந்த ஆளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்தாள்.

அந்தப் பக்கங்களில் இன்னொருவரும் அடிக்கடி தலைகாட்டினார். தேனொழுகப் பேசுகிற மனிதர். ‘உங்கள் உழைப்பைப் பார்த்து வியக்கிறேன். தனியாளாக எவ்வளவுதான் சுமப்பீர்கள்? பதிப்பு வெளியிடும் உரிமையை எனக்கும் கொடுத்தால் பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறேன்’ என்று மாதக்கணக்காக எழுதியிருந்தார். சிறு சிறு திருத்தங்கள் அனுப்பியிருந்தார். எல்லாம் நல்ல திருத்தங்கள். இன்னும் சிலர் கூடிக்கொண்டு, ‘அந்தப் பிள்ளை இவ்வளவு ஆசையாகக் கேட்கிறதே, கொடுத்தால் என்ன’ என்று பிலாக்கணம் வைத்திருந்தார்கள். அவருக்குச் சர்க்கரை என்று பெயர் வைத்தாள். சர்க்கரைக்குச் சிடுமூஞ்சி கொடுத்த பதில்: ‘உன்னைத் தெரியாது. வேண்டாம்.’

சல்லடைக்கு இதைப் படித்ததும் ஆத்திரம் வந்தது. உதவிக்கு வருகிறவனை மூஞ்சியில் அடித்தாற்போல் விரட்டுகிற ஆள், நாளைக்குப் படுத்துக்கொண்டால் பொட்டலத்தை யார் பார்ப்பது? அவளே நேரடியாகக் கேட்டு எழுதினாள்: ‘உங்களைத் தவிர வேறு யாரிடம் பதிப்பு வெளியிடும் உரிமை இருக்கிறது?’

பதில் உடனே வந்தது. ‘யாரிடமும் இல்லை. நீ யார்?’

விளக்கமாகத் தன்னைப் பற்றி, கம்பெனியைப் பற்றி, ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதினாள். அதற்கும் பதில் வந்தது. ‘சரி. அதனால்?’

அவ்வளவுதான். ஆள் ஒத்துழைக்காதவர், தனியாள், உதவியை மறுப்பவர் என்று அறிக்கையை எழுத ஆரம்பித்துவிட்டாள். எழுதும்போதே அவளுக்குத் தெரிந்தது, இது ஆதாரமில்லை, வெறும் எரிச்சல். இதைக் கொடுத்தால் மேஜை போய்விடும். கொடுக்காமல் சரி என்று சொல்லிவிடவும் மனசு கேட்கவில்லை. அறிக்கையைப் பாதியில் விட்டுவிட்டு விடுமுறைக்கு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பு மணி அடித்தது. வந்தவள் நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவள். குளத்தின் அந்தக் கரையில் இருக்கிறவர்களுக்குக் கேட்கும்படி பேசிப் பழகின குரல்.

“மாடி காலியா இருக்காமே?”

கணவர் பல் செட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். “வாங்கம்மா வாங்க. எப்ப குடி வர்றீங்க?”

சல்லடை கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். “உக்காருங்க. இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க? ஏன் காலி பண்றீங்க?”

“அது இருக்கட்டும்க்கா. முதல்ல நான் வீட்டைப் பார்க்கிறேன்.”

சொல்லிவிட்டு அவள்பாட்டுக்கு மாடியேறினாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தாள். சுவரைத் தட்டினாள். சல்லடை பின்னாலேயே போனாள்; அவள் கேள்வி கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் அந்தப் பெண் ஏதாவதொன்றைத் திருகிச் சத்தம் உண்டாக்கினாள். கடைசியில் வாசற்கதவுக்கு முன்னால் நின்று பூட்டைப் பார்த்தாள்.

“இங்க கடைசியா யாரு இருந்தாங்க?”

“நிலம் அளக்கற சர்வேயர் ஒருத்தர். நல்ல மனுஷன். நானே நல்லா விசாரிச்சுத்தான் வச்சேன்.”

“அவரு போனதும் பூட்டை மாத்தினீங்களா?”

“எதுக்கு? சாவியைத்தான் திருப்பிக் கொடுத்துட்டாரே.”

“எத்தனை நகல் போட்டு வச்சிருந்தாருன்னு தெரியுமா?”

சல்லடை பூட்டைத் திருகிப் பார்த்தாள். கணவர் உதவிக்கு வந்தார்.

“அவரு அப்படிப்பட்டவரு இல்லம்மா. தங்கமான மனுஷன். அவரு சகலைகிட்ட மட்டும்தான் ஒரு சாவி இருந்துச்சு.”

சல்லடை மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். “சகலைகிட்டயா?”

“சர்வேயர் ஊருக்குப் போனா செடிக்குத் தண்ணி ஊத்த வருவாரும்மா. நல்லாப் பேசுவாரு.”

“அந்த சகலை இப்ப எங்க இருக்காருங்க?” என்று நீச்சல்காரி கேட்டாள்.

“அது தெரியாதே,” என்று கணவர் அசடு வழிந்தார்.

நீச்சல்காரி செருப்பை மாட்டிக்கொண்டாள். “தப்பா எடுத்துக்காதீங்கக்கா. வர்றவங்களை நல்லாத்தான் கேள்வி கேக்கறீங்க. போனவங்க கையில என்ன இருக்குன்னு பார்க்கலையே. பூட்டை மாத்திட்டுச் சொல்லி அனுப்புங்க, அப்புறம் யோசிக்கிறேன்.”

யோசிக்கிறாளாம். சொந்த வீட்டிலேயே தேர்வில் தோற்ற கடுப்போடு சல்லடை வாசலில் நின்றாள். என்ன திமிர் இந்தப் பெண்ணுக்கு என்று இரண்டு தடவை முணுமுணுத்தாள். மூன்றாவது தடவை முணுமுணுக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டாள். நல்ல மனுஷன், நானே விசாரித்து வைத்தேன் என்று யாரையெல்லாம் அவள் அலுவலகத்தில் உள்ளே விட்டிருக்கிறாள்? அவர்களுடைய சாவி இப்போது யார் கையில் இருக்கிறது? மதியம் சோறு இறங்கவில்லை. உடனே பார்க்கலாமென்றால், அலுவலகக் கம்ப்யூட்டர்களை வீட்டிலிருந்து தொட முடியாதபடி பூட்டி வைத்ததும் அவளேதான்.

திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தைத் திறக்கக் காவலாளி வருவதற்கு முன்பே வாசலில் போய் நின்றாள். உள்ளே போனதும், ஏற்கெனவே தேறி உள்ளே உட்கார்ந்திருக்கிற பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இன்றைக்கு உன் எஜமான் யார் என்று பார்க்க ஆரம்பித்தாள். பெரும்பாலும் பழைய ஆட்களே இருந்தார்கள். தேதிப் பொட்டலத்துக்கு வந்தாள். தேதியை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றுகிற சின்னஞ்சிறு பொட்டலம்; அவளுக்கு ரொம்பப் பிடித்தது. எழுதினவர் ஒரு கணக்கு வாத்தியார். வரிக்கு வரி விளக்கம் எழுதியிருப்பார். இவ்வளவு யோக்கியமான வேலையைப் பார்த்ததில்லை என்று ஒருகாலத்தில் அறிக்கையில் புகழ்ந்து எழுதியிருந்தாள்.

கணக்கு வாத்தியார் சில மாதங்களுக்கு முன்னால் விடைபெற்றிருந்தார். ‘வயதாகிவிட்டது, முடியவில்லை. மாதக்கணக்காக எனக்கு உதவி செய்துவரும் ஒரு நல்ல உள்ளத்திடம் இதை ஒப்படைக்கிறேன்.’

அந்த நல்ல உள்ளம் சர்க்கரை.

சல்லடை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். சந்தேகமேயில்லை, அதே ஆள். சிடுமூஞ்சியின் வாசலில் மாதக்கணக்காகக் காத்துக்கிடந்தவன், அங்கே கதவு திறக்காததால் இங்கே வந்திருக்கிறான். வாத்தியார் நல்லவர், திறந்துவிட்டார். போன வாரம் ஒரு புதுப் பதிப்பு வெளியிட்டிருந்தான். தேறினது தேறினதுதான் என்று அவள் கொடுத்த சலுகைப்படி, இன்று சாயங்காலம் அது யாரையும் கேட்காமல் தானாக உள்ளே வந்து எல்லா ஆஸ்பத்திரிக்கும் போகும். உதவியை மறுப்பவர் என்று சிடுமூஞ்சியின் கணக்கில் குற்றமாக எழுதி வைத்தாளே, அந்த வரியைப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

ஆனால் ஆள் மாறினால் மட்டும் ஆதாரமாகிவிடுமா? சர்க்கரை உண்மையிலேயே நல்லவனாக இருந்தால்? எல்லாரும் பார்க்கப் பொதுவில் வைத்திருந்த நிரலைப் படித்தாள். ஒரு குறையுமில்லை. பிறகு, கம்பெனிகள் எடுத்துப் பயன்படுத்துவதற்காகத் தனியாகத் தயாரித்து வைத்திருந்த பொட்டலத்தையே இறக்கி இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். பொட்டலத்தில் ஒரு கோப்பு கூடுதலாக இருந்தது. பெயருமில்லை, விளக்கமுமில்லை, திறந்தால் வாயில் நுழையாத எழுத்துகளாகக் கொட்டியது.

கட்டி. மறுபடியும் கட்டி. துணிக்கூடையும் அதில் தூங்கின பூனையும் கண் முன்னால் வந்து நின்றன.

அந்த நேரம் பார்த்துத்தானா அவசரம் வர வேண்டும். “அக்கா, என் பேக்கேஜ் என்னாச்சு?”

“உன்னுது இருக்கட்டும். தேதிப் பொட்டலத்துல ஒரு கட்டி இருக்கு.”

அவன் அவளைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். ‘மியாவ்’ என்று சொல்லாமலிருக்க அவன் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. “அக்கா, அது நீங்களே பாஸ் பண்ணது.”

“தெரியும். மத்தியானம் வரைக்கும் டைம் கொடு.”

“மத்தியானம் பூனை வந்துச்சுன்னா?”

“நானே மேஜையைக் காலி பண்ணிட்டு கையேடு எழுதப் போறேன்,” என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

பொட்டலத்தை மாமியார் வீட்டில் போட்டாள். போலிக் கடவுச்சொற்களைக் கண்ணில் படும்படி அங்கங்கே போட்டு வைத்தாள். வெளியே பேச முயன்றால் யாரைக் கூப்பிடுகிறது என்று பதிவாகும்படி பொய்யாக ஒரு இணைப்பும் கொடுத்தாள். பொட்டலம் தேதியை மாற்றிக் கொடுத்தது. வேறொன்றும் செய்யவில்லை. மறுபடி ஓடவிட்டாள், மறுபடியும் சமர்த்தாகத் தேதியை மாற்றிக் கொடுத்தது. மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவசரம் தூரத்திலிருந்து எட்டி எட்டிப் பார்த்தான். காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் யாரோ மெல்லிசாக ஒரு மியாவ் விட்டார்கள்.

சல்லடை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு திரையையே முறைத்தாள். திருட வருகிறவன் எல்லா வீட்டிலும் திருட மாட்டான். எந்த வீடு என்று பார்ப்பான். இந்தப் பழைய கம்ப்யூட்டரில் எடுக்க என்ன இருக்கிறது? வெளியீட்டைக் கட்டி அனுப்புகிற கம்ப்யூட்டர் என்றால் அங்கே எல்லா ஆஸ்பத்திரிக்கும் சாவி இருக்கும். அவள் மாமியார் வீட்டின் பெயரையும் அடையாளங்களையும் அந்தப் பெரிய கம்ப்யூட்டருடையதைப் போலவே மாற்றினாள். பொட்டலத்தை இன்னொரு தடவை ஓடவிட்டாள்.

கட்டி விழித்துக்கொண்டது. போலிக் கடவுச்சொற்களை ஒன்றுவிடாமல் வாரியெடுத்தது. முன்பின் தெரியாத ஒரு முகவரியைக் கூப்பிட்டு, எடுத்துக்கொள் எடுத்துக்கொள் என்று கொடுக்கப் பார்த்தது. கையும் களவுமாக அகப்பட்டது.

அவசரம் பின்னால் வந்து நின்றான்.

“என்னக்கா, பூனையா?”

“நீயே பாரு.”

பார்த்தான். பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவன் இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

பிற்பகல் கூட்டத்தில் எல்லாரும் இருந்தார்கள். சல்லடை எழுந்து நின்றாள். “அவசரம் கொண்டுவந்த பொட்டலத்துக்கு சரி சொல்றேன். ஒரே ஆள் பார்த்துக்கறாரு, அதனால நாமளே ஒரு பிரதி எடுத்து வச்சுக்கணும். மத்தபடி சுத்தம்.” அறையில் சலசலப்பு எழுந்தது. அவள் வாயிலிருந்து முதல் வார்த்தையாக ‘சரி’ வந்து யாரும் கேட்டதில்லை. “ஆனா இன்னிக்கு வெளியீட்டுல தேதிப் பொட்டலத்தோட புதுப் பதிப்பு போகக்கூடாது, பழசே இருக்கட்டும். கடவுச்சொல்லைத் திருடுது. ஆதாரம் திரையில இருக்கு.”

திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு மேலாளர் கேட்டார். “இதை யார் உள்ள விட்டது?”

“நான்.”

“இது புதுப் பதிப்பாச்சே. மறுபடி பார்க்க வேண்டியதில்லைன்னு ஒரு விதி…”

“அந்த விதியும் நான் கொடுத்ததுதான் சார்.” அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “பூனை விஷயத்துல எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ரொம்ப அவமானமா இருந்துச்சு. சிரிப்பை நிறுத்தணும்னு கதவைத் திறந்து விட்டுட்டேன். மேஜையை எடுக்கறதுன்னா எடுத்துக்குங்க. ஆனா வேற யாராவது அங்க உக்காரணும். காலியா விடாதீங்க.”

மேலாளர் தன் தலையைத் தடவிக்கொண்டார். ஒருவேளை அந்தப் பாதி முடிவெட்டு ஞாபகம் வந்திருக்கலாம்.

“மேஜை அங்கயே இருக்கட்டும்,” என்றார். “நீங்களும் அங்கயே இருங்க. சலுகையை மட்டும் ரத்து பண்ணிடுங்க.”

“அப்ப உள்ள இருக்கற எல்லாத்தையும் மறுபடி சலிக்கணும் சார்.”

“எல்லாத்தையுமா?” என்று அவசரம் முனகினான். சல்லடை கண்ணாடிக்கு மேலாக அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டான். மறுநாள் காலையில் அவனே தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு அவள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அதன்பிறகு காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் மியாவ் கேட்கவில்லை. இரண்டொரு வாரம் கழித்து, அவளுக்கே என்னவோ போலிருந்து, ஆளில்லாத நேரம் பார்த்து அவளே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

தேதிப் பொட்டலத்தைப் பயன்படுத்துகிற எல்லாரும் பார்க்கும்படி பொதுவில் எச்சரிக்கை எழுதினாள். வாத்தியாருக்குத் தனியாக ஆறுதலாகவும் எழுதினாள்; பாவம், அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். பிறகு சிடுமூஞ்சிக்கு நடந்ததையெல்லாம் விவரமாக எழுதி, ‘அவனை உள்ளே விடாததற்கு மிக்க நன்றி’ என்று முடித்தாள்.

பதில் உடனே வந்தது. ‘உன்னையும் விடமாட்டேன்.’

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த வாரமே வீட்டு மாடிக்குப் பூட்டு மாற்றினார்கள். சொல்லியனுப்பியதும் நீச்சல்காரி வந்தாள். புதுப் பூட்டைப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, குடிவந்த அன்றைக்கே அதையும் கழற்றித் தன் சொந்தப் பூட்டைப் போட்டுக்கொண்டாள். மாற்றுச் சாவி கொடுக்கவில்லை. கணவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். தெருவில் எல்லாரும் நம்பி மாற்றுச் சாவியைக் கொடுத்து வைக்கிற ஆள் அவர்; அவர் கையில் சாவி இல்லாத கதவு ஒன்று அந்தத் தெருவிலேயே அதுதான்.

சல்லடைக்குக் கை பரபரத்தது. ஒரு கேள்விகூடக் கேட்காமல் குடிவைத்தாகிவிட்டது. குழாயைப் பார்க்கிற சாக்கிலாவது உள்ளே ஒரு நோட்டம் விட வேண்டாமா? மாடியேறித் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினாள்.

“யாரு?” குளத்துக்கு அக்கரையிலிருந்து கேட்பதுபோல் குரல் வந்தது.

“நான்தான், கீழ்வீட்டுல.”

“என்ன விஷயம்க்கா?”

“குழாய் ஒழுகுதான்னு பார்க்கலாம்னு.”

“ஒழுகலக்கா. ஒழுகினா நானே வந்து சொல்றேன்.”

கதவு திறக்கவில்லை. சல்லடை அந்தப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு படியிறங்கி வந்தாள். முன்னறையில் கணவர் பல் செட்டும் கையுமாக நிமிர்ந்து பார்த்தார்.

“என்னம்மா, உள்ளயே விடலையா?”

“விடலங்க,” என்றாள். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. “தேறிட்டா.”